நயினார் கடை ஸ்டவ்வும் ஒரு ஜரிகை இழையும்

அரிசி மில்லின் சங்கு கெட்டுப்போன வருஷம் அது. இப்போது இருப்பவர்களுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியாது. அப்போது எங்கள் ஆரணியில் பாதி வீடுகளில் கடிகாரம் கிடையாது. காலையில் சங்கு ஊதினால் தறியில் இறங்குவோம், மத்தியானம் ஊதினால் சோறு. சங்கு நின்றதும் ஊரே தடுமாறியது. என் பெரியப்பா மகன் முதல் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டு, மில்காரரைத் திட்டிக்கொண்டே வேலூருக்கு நடக்கப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்தார். அதை விடுங்கள். அது எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுத்து வராதவன் நான். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். எமர்ஜென்சி முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது, அது வரைக்கும் நிச்சயம். அந்த வருஷம்தான் என் சம்சாரம் ஸ்டவ் வாங்கினாள்.

நாங்கள் வாங்கினோம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். அவள்தான் வாங்கினாள். நான் கூடப் போய்ப் பை பிடித்துக்கொண்டு நின்றவன்.

ஸ்டவ் ஆசையாக வந்ததல்ல. எங்கள் வீடு ஒரே நீள வீடு. முன்பக்கம் குழிக்குள் கால் தொங்கவிட்டு நெய்கிற குழித்தறி, பின்பக்கம் அடுப்பு, நடுவில் ஒரு தட்டி. அடுப்பில் சவுக்கு விறகு எரியும். அரக்கு, பச்சை என்று நெய்கிற வரை புகை ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்த வருஷம், எனக்குக் கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி சந்தன நிறத்தில் ஒரு புடவைக்குப் பாவு நூல் கொடுத்தார். நெய்து முடித்து அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். உடம்பு முழுக்கச் சாம்பல் தடவினது போல ஒரு மங்கல்.

"இன்னாய்யா இது? சந்தனம் கேட்டா சாம்பல் நெய்ஞ்சி எடுத்துகினு வந்துகீற? அடுப்புல போட்டு நெய்ஞ்சியா?"

அவர் அதைச் சொன்னபோது பக்கத்தில் இன்னும் நாலு தறிக்காரர்கள் நின்றார்கள். புடவையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் சம்சாரம் புடவையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தாள். "பொகை," என்றாள். "அடுத்த பாவும் வெளிர் கலரு தானே? அதுக்குள்ள இந்த அடுப்ப ஒழிச்சிடணும்."

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஜனம்தான், ஆனால் தறி அறியாத குடும்பம். படவேட்டுக்கு இந்தப் பக்கம் சந்தவாசலில் கூலிக்குக் களை பிடுங்கி வளர்ந்தவள். அந்தப் பக்கத்தில் பஸ் அரிது. வாங்கின பொருள் கெட்டால் மாற்ற ஒரு பொழுது வீணாகும். அதனால் அவர்கள் ஜனங்கள் எதை வாங்கினாலும் கடையிலேயே எல்லாச் சோதனையும் முடித்துவிடுவார்கள். இவள் குடை வாங்கினால் கடைக்காரரின் சொம்பை வாங்கிக் குடைமேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். பானையை வாங்குமுன் காதருகே வைத்துத் தட்டிக் கேட்பாள். நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்வாள். கல்யாணமான புதிதில் எனக்கு வெட்கமாக இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போய், யாரோ எவரோ போல நிற்பேன். பிறகு பழகிவிட்டது. பிறகு பெருமையாகவும் ஆகிவிட்டது.

பஜாரில் ஒரு நயினார் ஸ்டவ் விற்றார். எங்கள் பக்கத்துச் சமணர்களை நயினார் என்போம். பொழுது சாய்ந்தபின் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் அந்தக் கடை மட்டும் விளக்கு வைப்பதற்கு முன்பே மூடிவிடும். எல்லாரும் காலையில் போய் அவரோடு மல்லுக்கட்டி நிற்பார்கள். இவள் வெயில் தாழட்டும் என்றாள்.

"ஏன்மே, அந்நேரம் அவரு கட மூடறதுல இருப்பாரே?"

"அதுக்குத்தாங்க. பசி நேரத்துல யாரும் வளவளன்னு வெல பேச மாட்டாங்க. ஜல்தியா ஒத்துக்குவாரு."

போனோம். நயினார் சீமெண்ணெயில் எரிகிற ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ்வை எடுத்து வைத்தார். இவள் முந்தானையை அவிழ்த்து ஒரு துண்டு சோப்பை எடுத்தாள். டம்ளரில் தண்ணீர் கேட்டு, நுரை கலக்கி, ஸ்டவ்வின் எண்ணெய்த் தொட்டி ஒட்டுப்போட்ட இடம் முழுக்கத் தடவினாள்.

"இன்னாம்மா, குளிப்பாட்டறியா?"

"காத்து அடிங்க நயினாரே."

அவர் பம்ப் அடித்தார். அடியில் ஒரு இடத்தில் நுரை முட்டை முட்டையாக விட்டது. காற்று கசிகிற இடம் அது. அந்த ஸ்டவ்வை அவரே தள்ளி வைத்தார். அடுத்ததில் முட்டை வரவில்லை. சரி என்று நான் பையை விரித்தேன். இவள் நகரவில்லை.

"பத்த வெச்சிக் காட்டுங்க."

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்கம்மா!"

"பொண்ணு வெடிக்காது நயினாரே. இது வெடிக்கும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நயினாரும் சிரித்துவிட்டார். பற்ற வைத்துக் காட்டினார். மேலே நெருப்பு வருகிற பித்தளை மூக்கை நிப்பிள் என்றார். அதில் ஒரு பொடித் துளை உண்டு. அடைத்துக்கொண்டால் குத்தி எடுக்க மெல்லிய கம்பி வைத்த தகடு ஒன்று, அதற்கு ஸ்டவ் பின் என்று பெயர். "ஜ்வாலை எழும்பிச்சின்னா ஓடக்கூடாது. இந்தத் திருக தெறந்தா காத்து போயிடும், அமர்ந்துடும். எரியறச்ச எண்ண ஊத்தக்கூடாது." இதையெல்லாம் அவள் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். கடைசியாக, தொட்டிக்குக் கேரண்டி கேட்டாள். அவர் மேற்கே வானத்தைப் பார்த்தார். "ஒத்துகினேன் தாயே, கசிஞ்சா மாத்தித் தரேன். என்ன சாப்பிடப் போக விடு."

அடுத்த வெளிர்ப் புடவை பூப்போல வந்தது. முதலாளி விரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு.

பிறகு தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்க ஆரம்பித்தார்கள். "உன் சம்சாரத்த கொஞ்சம் கூட அனுப்பேன், ஒரு ஸ்டவ்வு வாங்கணும்." வெயில் தாழ்ந்தால் யாராவது ஒருத்தியோடு இவள் சோப்புத் துண்டுடன் பஜாருக்குக் கிளம்புவாள். நயினார் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து வைப்பாராம். எங்கள் தெருவில் பெரும்பாலும் அவள் பார்த்து வாங்கிய ஸ்டவ்தான். எதிர்வீட்டு அக்காவும் வாங்கினாள். அந்த அக்கா லேசில் யார் பேச்சையும் கேட்கிறவளல்ல. குரல் எடுத்தாளானால் ஆற்றங்கரை வரை கேட்கும். அவளே இவள் பேச்சைக் கேட்டு வாங்கியது எங்கள் வீட்டுக்கு ஒரு மரியாதை.

ஒரு நாள் காலை, எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று மயிர் கருகுகிற வாசனை. மற்ற ஊரில் அந்த வாசனை வந்தால் மூக்கைப் பொத்துவார்கள். நெசவுத் தெருவில் தறியெல்லாம் நின்றுவிடும். பட்டு எரிந்தால் அந்த வாசனைதான் வரும்.

எல்லாரும் குழியிலிருந்து ஏறி ஓடினோம். எதிர்வீட்டில் ஸ்டவ் மஞ்சளாகக் குபுகுபுவென்று எரிகிறது. கொடியில் காயப்போட்டிருந்த பட்டு நூல் ஒரு பக்கம் கருகித் தொங்குகிறது. அக்கா வலது கையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். ஸ்டவ்வைக் கையால் தள்ளியிருக்கிறாள். என் சம்சாரம் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, துணியைச் சுற்றிய கையால் அந்தத் திருகைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று போய் நெருப்பு அடங்கியது. உடனே அக்காவின் கையை இவளே தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாவு தடவு, மை தடவு என்று சொன்னவர்களை எல்லாம் விரட்டினாள். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியதும் அக்கா தெரு நடுவில் நின்றாள்.

"ஏண்டி, சோப்பு போட்டுத் தடவித் தடவிப் பாத்தியே, இதான் நீ பாத்துக் குடுத்த லட்சணமா? உன் வாயக் கேட்டு என் கை வெந்துச்சிடி! நயினாரு உனக்கு இன்னா குடுத்தாரு?"

என் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் தலை குனிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லா ஸ்டவ்வும் பரணுக்குப் போய்விட்டது. கமிஷன் என்ற வார்த்தை வீட்டுக்கு வீடு போனது. குழாயடியில் இவள் போய் நின்றதும் பேச்சு நின்றுவிட்டது.

அவளும் எங்கள் ஸ்டவ்வை ஏற்றவில்லை. தறியில் அப்போது பாதி நெய்த வெளிர் நீலம் ஒன்று இருந்தது. உள்ளே விறகு வைத்தால் அதுவும் சாம்பலாகிவிடும். கொல்லையில் மூன்று கல் வைத்து, மேலே பழைய தகரம் சாய்த்து, குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நம்ம ஸ்டவ்வு நல்லாத்தான்மே கீது. ஊரு பேசிட்டுப் போவட்டும். உள்ள பத்த வெய்யி."

"அக்கா கை வெந்துகீது. அது நான் சொல்லி வாங்கினது. ஏன் எழும்பிச்சின்னு தெரியாம நான் அத்த தொட மாட்டேங்க. நாளைக்கி யாரு கிட்ட போய் எத்த நல்லதுன்னு சொல்லுவேன்?"

அவளுக்கு அதுதான். சொத்தும் இல்லை, நகையும் இல்லை. இவள் பார்த்துச் சொன்னால் பொருள் நன்றாக இருக்கும் என்கிற அந்த ஒரு பேர்தான் அவளிடம் இருந்தது.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய் அந்த ஸ்டவ்வைக் கேட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எடுத்துகினு போ. உன் நயினாரு தலையில போடு." இவள் அதைச் சாக்கில் சுற்றினாள். நானும் தறியை விட்டு எழுந்தேன். போகிற வழியெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். இந்தத் தடவை நான் தள்ளி நிற்கவில்லை. ஸ்டவ்வை நானே தூக்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்தேன்.

விஷயம் கேட்டதும் நயினார் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். நல்ல மனுஷர். தொட்டியை அவரே சோப்பு நுரை போட்டுப் பார்த்தார். கசிவு இல்லை. பம்ப் தோல் வாஷரைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. "சீமெண்ணெயில தண்ணி கலந்துட்டானுங்களோ?" என்று வடித்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அப்போது இவள் ஒரு புது ஸ்டவ் பின் கேட்டு வாங்கி, அக்கா வீட்டு நிப்பிளில் குத்தினாள். பின் உள்ளே போய் லொடலொட என்று ஆடியது.

"இது ஆடக்கூடாதே," என்றார் நயினார். "இறுக்கமா இல்ல போவணும்?"

இவள் என் பக்கம் திரும்பினாள். "இடுப்புல ஜரிகை வெச்சிகீறீங்களா?"

தறிக்காரன் இடுப்பில் எப்போதும் ஒரு முழம் ஜரிகை சுருட்டி இருக்கும், அறுந்த இடத்தில் சேர்க்க. எடுத்துக் கொடுத்தேன். நயினாரிடம் ஒரு புது நிப்பிள் வாங்கி அதில் ஜரிகையை நுழைத்தாள். ஒற்றை இழை மாட்டேன் மாட்டேன் என்று போனது. மடித்து இரட்டையாக வைத்தாள், முனைகூட நுழையவில்லை. அக்கா வீட்டு நிப்பிளில் அதே இரட்டை இழை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"துளை பெரிசாயிடிச்சி," என்றாள். "அதான் ஆவியா வர்றதுக்கு பதிலு எண்ணையா கொட்டிகீது. ஆனா எப்படிப் பெரிசாச்சி?"

நான் நிப்பிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துளையின் வாயில் பள்ளம் பள்ளமாகக் கீறல். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நெசவுத் தெருவில் பிறந்தவன் எவனுக்கும் தெரியும். பாவு இழைகளைப் பிரித்து நிறுத்துகிற சீப்பு ஒன்று தறியில் உண்டு, அச்சு என்போம். எஃகுப் பற்கள். ஒரு பல் கழன்று வந்தால் நாங்கள் எறிய மாட்டோம். அம்மியில் தேய்த்து முனையை ஊசி போலாக்கித் தறித்தூணில் செருகி வைப்போம். பட்டில் விழுந்த முடிச்சைப் பிரிக்க அதுதான், காலில் முள் எடுக்க அதுதான், பல் குத்தவும் அதுதான். ஸ்டவ் பின் சீக்கிரம் உடைந்துவிடும். அப்புறம் ஸ்டவ் அடைத்தால் எதைத் தேடுவார்கள்? கை தானாகத் தறித்தூணுக்குப் போயிருக்கும். பித்தளை மெத்து, எஃகு கூர். குத்தக் குத்தத் துளை பெருத்துவிட்டது. சந்தவாசலில் பிறந்த இவளுக்கு அந்தப் பழக்கமே இல்லை. எங்கள் வீட்டு ஸ்டவ் பின் மிளகு டப்பாவில் பத்திரமாக இருந்தது. அச்சுப் பல் விஷயத்தை அங்கேயே இருவருக்கும் சொன்னேன்.

"பின்னு உடைஞ்சா என் கிட்ட வந்து வாங்கறதுக்கு இன்னா?" என்று நயினார் வருத்தப்பட்டார்.

"எப்போ வருவாங்க நயினாரே? வெளிச்சம் போற வரிக்கும் தறியில கீறாங்க. அவங்க எழுந்து வர்றச்ச நீங்க கட சாத்திட்டு சாப்பிடப் போயிடறீங்க."

நயினார் உள்ளே போய் ஒரு பெட்டி நிறையப் பின்னும், ஒரு பொட்டலம் நிப்பிளும் எடுத்து வந்தார். "இத்த உன் வூட்ல வெய்யிம்மா. யாருக்கு எப்போ வேணுமோ குடு. அந்த வூட்டு நிப்பிள மாத்திக் குடுத்துடு."

இனிமேல்தான் கஷ்டமான வேலை. அக்காவிடம் போய், உன் வீட்டு ஆட்கள் குத்தித்தான் கெட்டது என்று சொன்னால் என்ன ஆகும்? நான் வேண்டாம் என்றேன். இவள் நேரே அக்கா வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. இரண்டு நிப்பிளையும் ஜரிகையையும் அக்கா முன்னால் வைத்தாள்.

"அக்கா, இடது கையால இத்த கோத்துப் பாரேன்."

அக்கா முறைத்துக்கொண்டே கோத்தாள். ஒன்றில் போகவில்லை, ஒன்றில் போனது. திரும்பவும் கோத்தாள். நெசவுக்காரி அல்லவா, கை பொய் சொல்லாது. நிமிர்ந்து தறித்தூணைப் பார்த்தாள். அங்கே அச்சுப் பல் செருகி இருந்தது. எழுந்து போய் அதை உருவி, வாசலுக்கு வந்து, சாக்கடையில் எறிந்தாள்.

"அந்த நயினாரு மட்டும் ராத்திரில சோறு துன்றவரா இருந்திருந்தா என் கை வெந்திருக்காதுடி," என்றாள். என் சம்சாரம் சிரித்தாள். அக்காவும் சிரித்து, கை வலித்து, "ஐயோ" என்று பிடித்துக்கொண்டாள்.

அடுத்து அக்கா செய்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். முதல் நாள் நின்ற அதே இடத்தில், தெரு நடுவில், அதே குரலில் கத்தினாள். "ஏய், எல்லாரும் ஸ்டவ்வ எடுத்துகினு வாங்கடி! ஜரிகை போட்டுப் பாக்கணும். அச்சுப் பல்லால குத்தினவ எவளோ அவ ஸ்டவ்வ ஏத்தாத! இவ சொன்னா கேளுங்க. இவ சொன்னது எதுவும் தப்பில்ல."

பரணிலிருந்து எல்லா ஸ்டவ்வும் எங்கள் வாசலுக்கு இறங்கி வந்தது. கல்யாணப் பந்தி போல வரிசை. இவள் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு நிப்பிளாக ஜரிகை விட்டுப் பார்த்தாள். அக்கா வீட்டைப் போலவே பெருத்துப் போனவை இன்னும் சில இருந்தன. அன்று பார்க்காவிட்டால் அந்த வீடுகளிலும் என்றைக்காவது பட்டு கருகும் வாசனை வந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றினாள். சாயங்காலம் எங்கள் ஸ்டவ் மறுபடி உள்ளே எரிந்தது. வெளிர் நீலம் சுத்தமாக முடிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு 'பின்னு வீடு' என்றே பேர் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் யாராவது வாசலில் நின்று "பின்னு கீதா?" என்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வருவார்கள். நான் தறியிலிருந்தபடியே, "கீது, வாங்க," என்பேன். முதலாளி பேர் சொல்லி அழைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு நெஞ்சு நிமிர்ந்ததில்லை. எங்கள் தெருவில் அதன்பிறகு ஒரு ஸ்டவ்வாலும் ஒருவர் கை வேகவில்லை. அதை என் சம்சாரம் செய்தாள்.

இப்போது எல்லா வீட்டிலும் காஸ். அவள் இன்னமும் கடையில் ரப்பர் டியூபை வளைத்து, மடக்கி, போட்டிருக்கிற தேதியைப் பக்கத்தில் நிற்கிறவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்குகிறாள். வாங்கி வந்து மாட்டியதும் சோப்பு நுரை தடவுகிறாள். நான் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன்.

இதைப் படிக்கிற நீங்கள் எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். வீட்டில் அடுப்பு சரியாக எரியாவிட்டால் கைக்குக் கிடைத்த ஊசியையோ கம்பியையோ விட்டுக் குத்தாதீர்கள். அதற்கென்று இருக்கிற சாமானைக் கேட்டு வாங்குங்கள். இதை உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுகிற எல்லாருக்கும் சொல்லுங்கள், அவர்களை இன்னொரு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் என்னைச் சொல்ல வேண்டாம். ஆரணியில் ஜரிகை விட்டு ஸ்டவ் பார்த்த ஒருத்தி சொன்னாள் என்று சொல்லுங்கள்.